‘ஓனர்ஸ் ரிஸ்க்’: டூவீலர் ஸ்டாண்டுப் பலகைகள் பற்றிய ஒரு சாசனவியல் ஆய்வு

கல்வெட்டுகளுக்குப் பெயர்போன மண் புதுக்கோட்டை. சமஸ்தானமே தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டது. டூவீலர் ஸ்டாண்டுகளின் தகரப் பலகைகளுக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

மூலபாடம்: ‘பார்க்கிங் அட் ஓனர்ஸ் ரிஸ்க்’. பாடபேதம்: ‘வாகனங்களை உரிமையாளர் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்’. டோக்கனுக்குக் கட்டணம் உண்டு, காப்பு இல்லை. சோழர் சாசனத்திலிருந்து பலகை விலகுவது இங்கேதான். சிவன் கோயில் கல்வெட்டுகள் பல ‘இது பன்மாஹேஸ்வர ரக்ஷை’ என்று முடியும். கொடையை யார் காப்பார் என்று பொறித்த பிறகே கல்தச்சன் உளியைக் கீழே வைத்தான். பெயின்டரோ யார் காக்கமாட்டார் என்பதை மட்டும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற தொடரை முறையாகக் கையாண்டது ரயில்வே. சரக்கு அனுப்ப அங்கே ‘ரயில்வே ரிஸ்க்’ என்றால் கட்டணம் கூடுதல். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்றால் குறைவு. மூட்டை சேதமானால் தாங்கிக்கொள்கிறேன் என்ற துணிச்சலுக்கு அது தள்ளுபடி. அப்போதும் ஊழியரின் கவனக்குறைவு நிரூபணமானால் நிர்வாகம் தப்பமுடியாது என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 97ஆம் பிரிவு.

ஸ்டாண்டில் தள்ளுபடியும் இல்லை, ரிஸ்கும் குறையவில்லை.

உச்ச நீதிமன்றமும் இவ்வகைச் சாசனத்தைப் படித்திருக்கிறது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் ஒருவர் மாருதி ஜென் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிப்போயிருந்தார்கள். ஹோட்டல் கொடுத்த பார்க்கிங் சீட்டில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ வகை வாசகம் அச்சாகியிருந்தது. 2019 நவம்பர் 14 தீர்ப்பு அதை ஏற்கவில்லை: சாவியை வாங்கிக்கொண்டவர், தாம் உரிய கவனம் எடுத்ததை முதலில் நிரூபிக்க வேண்டும், தம் கவனக்குறைவை அச்சிட்ட வரியால் மறைக்க முடியாது. அடிப்படை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். சாவி ஓனரின் சட்டைப்பையிலேயே இருக்கும் ஸ்டாண்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர்களுக்கான தனி ஆய்வு.

தமிழ்நாட்டில் 2015 ஜூலையில் ஹெல்மெட் கட்டாயமானபின் ஒரு துணைச் சாசனமும் பரவியது: ‘ஹெல்மெட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. தனிக் கட்டணம் வாங்கும் ஸ்டாண்டுகளில்கூட இது தொங்குவதால், அறிஞர்கள் பரிசீலிக்கத் திருத்திய பாடம் ஒன்று: ‘காசு வாங்கிய வண்டிக்கு ஸ்டாண்டு பொறுப்பு. காசு வாங்காத ஹெல்மெட் மட்டும் ஓனர்ஸ் ரிஸ்க்.’