செயலி அவர்கள் சமூகத்திற்கு

அனுப்புநர்: இடைநிலை ஆசிரியை, ஓர் ஈராசிரியர் பள்ளி, தமிழ்நாடு.
பெறுநர்: உயர்திரு பள்ளிப் பதிவேற்றச் செயலி அவர்கள், சர்வர் அறை, தலைநகர்.
பொருள்: கூடுதல் கட்டம் ஒன்று கோருதலும், யோசித்தபின் வேண்டாமென மறுத்தலும் – தொடர்பாக.
பார்வை: மங்கி வருகிறது. இரவில் பதிவேற்றுவதால்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு மேலேயும் அதிகாரிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தங்களைப் பார்த்துத்தான் எங்களைத் திட்டுகிறார்கள் என்பதால், தங்களுக்கே நேரடியாக எழுதிவிடுவது மரியாதை என்று பட்டது.

தங்கள் ஞாபகசக்தி அபாரம். யாருக்கு எந்த அளவுக் காலணி, யார் குடற்புழு மாத்திரை விழுங்கினார், யாருக்குச் சீருடை வந்தது, கற்றல் நிலையில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர், எல்லாம் தங்களுக்கு அத்துப்படி. (மலருக்கு அடுத்த நிலைகளுக்கும் தமிழில் பெயர் உண்டு. ஆசிரியர்களை வகைப்படுத்தும் நாளில் உதவும்.)

ஆனால் வருகை என்று வந்தால் தங்களிடம் இரண்டே பதில்தான்: வந்தான், வரவில்லை. எங்கள் இரண்டாம் வகுப்பில் ஒருவன் வந்தான். முந்தின ராத்திரி அப்பா குடித்துவிட்டு அடித்ததில், அம்மா விடியுமுன்னே பஸ் ஏறிவிட்டார். பையன் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். 'வந்தான்' என்று தட்டினேன். தங்களுக்குத் திருப்தி. அதன்பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும். பேசுவதைவிடப் பெரிய வேலை அது. அதே நேரம் மூன்றாம் வகுப்புக்குக் கைதட்டிப் பாட்டு. முதல் வகுப்பில் ஒருத்திக்குப் பல் விழுந்திருக்கிறது, அதற்கு ஆச்சரியப்பட ஓர் ஆள் வேண்டும். மூன்றுக்கும் நான் ஒருத்திதான். ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலில் நின்று, "என்ன டீச்சர், முகத்துல ஒரு மலர்ச்சியே இல்லையே?" என்றார். உடனே மலர்ந்தேன்.

ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை விழுங்குவதும் உழைப்புதான், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்றார். பணிப்பெண்ணுக்கு ஒரு சௌகரியம் உண்டு ஐயா: விமானம் தரை தொட்டதும் பயணிகள் இறங்கிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் ராத்திரி சாதம் பிசையும்போதும் கூடவே இருக்கிறார்கள். அந்தப் பையன் இன்றைக்குச் சாப்பிட்டிருப்பானா என்ற கேள்வியைத் தாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சத்துணவில் முட்டை எத்தனை என்று மட்டும் கேட்பீர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: தெம்பு வற்றிப்போவது, வேலையைவிட்டு மனம் விலகுவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது. கூடவே, இது நோய் அல்ல, வேலை சார்ந்த நிலை என்றும் எழுதிவிட்டது. நோய் இல்லாததற்கு மருத்துவ விடுப்பு கேட்க முடியுமா? தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள் உண்டு. மனம் விலகுவதோ தற்செயலாக நடப்பதில்லை. ஒழுங்காக, தினம் ஒரு பதிவேற்றம் வீதம் நடக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27ஐயும் எடுத்துப் படித்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிரக் கல்வி சாராத பணி எதற்கும் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. தங்களை எதில் சேர்ப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். பேரிடரில்தான் பொருந்துகிறீர்கள்.

முதலில், இந்தப் பாடுகளையும் எண்ணிக்கொள்ளத் தங்களிடம் ஒரு கட்டம் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. 'இன்று எத்தனை முறை அழுகையை அடக்கினீர்கள்?' என்று கேட்பீர்கள். பூஜ்யம் போட்டால் குழந்தைகள்மேல் அக்கறை இல்லை என்று விளக்கம் கேட்பார்கள். பத்துக்கு மேல் போட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று 17 பி மெமோ வரும். போதாததற்கு ஒரு சனிக்கிழமை மன அழுத்தம் போக்கும் பயிற்சி வைப்பார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு போட்டோ, வெளியே விடும்போது ஒரு போட்டோ. பின்னூட்டப் படிவத்தை இரவு 8 மணிக்குள் நிரப்பாதவர்கள் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் சிவப்பு எழுத்தில் வரும். கட்டம் வேண்டாம் ஐயா.

வேறொன்று கேட்கிறேன். போன மாதம் ஒருநாள் தாங்கள் காலையிலிருந்து சுழன்றுகொண்டே இருந்தீர்கள், திறக்கவில்லை. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் மதியம்வரை பாடம் நடத்தினேன். கடன் வாங்கிக் கழித்தல் மூன்றாம் வகுப்புக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

எனவே, பள்ளி வேலை நாட்களில் காலை 10 மணி முதல் 12.30 வரை தவறாமல் பழுதாகி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டீச்சர்.

இணைப்பு: கிடைக்கவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் முயன்றுகொண்டிருக்கிறேன்.