அம்மா அனுப்பாத 21 கார்டு

1984-ல் கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வளவு வீட்டுக்கு ஒரு மொட்டைக் கார்டு வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஏழுமலையான் பெயரைச் சொல்லி, இதைப் படித்தவர் ஒன்பது நாளைக்குள் 21 பேருக்கு இதேபோல எழுதிப் போட வேண்டும் என்றிருந்தது. போட்டவருக்குப் புதையல் கிடைத்ததாம், கிழித்தெறிந்தவர் ரத்தம் கக்கிச் செத்தாராம்.

அம்மா பயந்துவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் தபாலாபீசுக்குப் போய் 21 கார்டு வாங்கி வந்தார். கார்டு 15 காசு, ஆக 3 ரூபாய் 15 காசு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து விலாச நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அப்பா ஒவ்வொரு பெயராக வாசிக்க, அம்மா பதில் சொன்னாள்.

"அவுக வீட்ல இப்பத்தான ஒரு சாவு. வேண்டாங்க."

"அவ மாசமா இருக்கா, பயந்துருவா."

"அண்ணாச்சிக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி."

நோட்டு முடிந்தபோது பயமுறுத்துவதற்கு ஒருவர்கூட மிஞ்சவில்லை. மொட்டைக் கார்டை அம்மாவே அடுப்பில் போட்டாள். வாங்கிய 21 கார்டும் அந்த வருஷம் முழுக்க நலம் விசாரிக்கப் போயின.

அந்த நோட்டிலிருந்து யாராவது இன்னாருடைய விலாசம் கேட்டால் அப்பா உடனே கொடுக்க மாட்டார். "அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாரேன்" என்பார். கேட்டு வந்த பிறகுதான் கொடுப்பார்.

அவருடைய மகன் நான் 2009-ல் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 312 விலாசங்களை ஒரே தட்டில் கொடுத்தேன்.

பழைய கல்லூரி நண்பன் பெயரில் ஒரு மெயில் வந்திருந்தது. அவன் எனக்குப் படங்கள் அனுப்பியிருப்பதாகவும், நான் பார்க்காவிட்டால் வருத்தப்படுவான் என்றும் சொன்னது. உள்ளே போனால் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் என்னுடைய தொடர்புகள் அத்தனையும் வரிசையாக நின்றன, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஏற்கெனவே டிக் போட்டு. கீழே பெரிய பொத்தான். 'தவிர்' என்பது கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிற எழுத்தில் ஒரு மூலையில். படம் பார்க்கும் அவசரத்தில் பெரிய பொத்தானை அழுத்தினேன். படம் எதுவும் இல்லை. நண்பனும் என்னைப் போலவே மாட்டியவன்தான்.

மெயிலின் தொடர்புப் பட்டியல் அப்பாவின் நோட்டைப் போன்றதல்ல. வேண்டியவர்களை மட்டும் நாம் எழுதி வைப்பதில்லை. ஒருமுறை பதில் போட்ட முகவரியைக்கூட அதுவே சேர்த்து வைத்துக்கொள்ளும். பழைய வீட்டுக்காரர், மேலதிகாரி, அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எல்லோரும் அதில் இருந்தார்கள். தம்பிக்குப் பார்த்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று நாங்கள் வேண்டாமென்று எழுதிய ஒரு பெண்ணின் தகப்பனாரும் இருந்தார்.

மறுநாளே அலுவலக நண்பர் ஒருவர் விஷயத்தைச் சொன்னார். நான் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வெட்கத்தில் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் விலாசங்கள் அந்தத் தளத்துக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. 'உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்' என்று என் பெயரில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் அந்தப் பெண்ணின் தகப்பனார் போன் செய்தார். குரலில் கோபமில்லை. "வேண்டாம்னு நீங்கதான தம்பி எழுதுனீங்க. இப்ப எதுக்குத் திரும்பத் திரும்ப போட்டோ பாருங்கன்னு அனுப்புறீங்க? அவளுக்கு நிச்சயம் ஆயிருச்சு" என்றார். அந்தக் குரலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இது ஏமாளிகளுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ், திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு உலகத்தைச் சுற்றியது. நான் விழுந்தது வைரஸில் அல்ல, ஒரு தளத்தில். தளங்களிலும், லிங்க்ட்இன் போன்ற பெரிய நிறுவனமே, பயனர்களின் பெயரில் அவர்களுடைய தொடர்புகளுக்கு நினைவூட்டல் மெயில்கள் அனுப்பியதாக அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து, 2015-ல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. முதல் அழைப்புக்குச் சம்மதித்தவர், பின்னால் போகும் நினைவூட்டல்களுக்கும் சம்மதித்ததாக ஆகாது என்பதுதான் அந்த வழக்கின் உயிர்நாடி.

மொட்டைக் கார்டில் அனுப்பியவர் பெயர் கிடையாது. அதனாலேயே அதைச் சந்தேகிக்க முடிந்தது. இவர்கள் நம் பெயரைப் போட்டு அனுப்புகிறார்கள். திருடப்படுவது விலாசம் மட்டுமல்ல, நம்மை நம்பிக் கடிதத்தைத் திறக்கிற அந்த மனசும்தான்.

இப்போது பாஸ்வேர்டு கேட்பது குறைந்துவிட்டது. போனில் 'அனுமதி' என்ற ஒரு பொத்தான் போதும். உடனடிக் கடன் தருகிற செயலிகள் தொடர்புப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, கடன் வாங்கியவரின் அக்காவுக்கும் மாமனாருக்கும் போன் போட்டு அவமானப்படுத்தியதைப் பார்த்தோம். டிஜிட்டல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொன்னது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறது: மருத்துவ ஆலோசனை தரும் செயலி தொடர்புப் பட்டியலையும் கேட்டு, நாம் சரி என்று சொல்லிவிட்டாலும், சிகிச்சைக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. 'அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாரேன்' என்ற ஒரு வரியில் அப்பா இதை 1984-லேயே சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இன்றைக்கே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். உங்கள் மெயில் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், எந்தெந்த வெளிச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். தெரியாததை நீக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் அந்த அனுமதி போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஏதாவது போய்விட்டது என்றால், வெட்கப்பட்டு ஒளியாமல் அன்றைக்கே எல்லோருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'அது நான் அனுப்பியதல்ல, திறக்காதீர்கள்.'

நான் அந்த ஒரு வரியை எழுதியது பத்தாம் நாள்.