பாம்பூஃப்ளாட் ஏசிபி

“மச்சினன்தான்.”

அந்தமானில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் வெஹிக்கிள் போட்டுக்காக நிற்கும்போது பின்னாலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால் திரும்பிவிடாதீர்கள். திரும்பினால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தொடரில் யார் யாரைக் கொன்றார், எதற்குக் கொன்றார், பிணத்தை எங்கே போட்டார் என்பதெல்லாம் சாத்தம் ஜெட்டி வருவதற்குள் உங்கள் காதில் ஏறியிருக்கும். கடலைக் கடக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம். எட்டு எபிசோடுக்கு அது தாராளம் என்பது அவர் கணக்கு.

ஊருக்கு அவர் ஏசிபி. போலீஸ் வேலைக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஸ்டோர் கணக்கு எழுதி ரிட்டையரானவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு குட்டி டார்ச். பட்டப்பகலிலும் டார்ச் உண்டு. சந்தேகம் வந்துவிட்டால் வலது கை மேலே எழும். ஐந்து விரலும் சேர்ந்து, ஹோல்டரில் பல்பு மாட்டுவதுபோல் காற்றைத் திருகும். ‘சிஐடி’ தொடரில் ஏசிபி பிரத்யுமனாக வரும் சிவாஜி சாட்டமின் கை அது. 1998-ல் தொடர் ஆரம்பித்ததிலிருந்து இவருக்கும் அதே கைதான்.

தமிழ்நாட்டிலும் இந்த ஜாதி உண்டு. ராஜேஷ்குமார் பாக்கெட் நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர், சுஜாதாவின் கணேஷ் சொல்லும் முன்பே தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறவர் என்று தெருவுக்கு ஒருவர் இருப்பார். எங்கள் தீவுத் தமிழனுக்கு மட்டும் ஒரு கூடுதல் வசதி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் மலையாளம். ஆகவே எந்த மொழியில் கொலை நடந்தாலும் எங்களுக்குப் புரியும். ஏசிபி வீட்டில் வெகுகாலம் இதற்கு ஒரு ஒப்பந்தமே இருந்தது: அழுகை தமிழில், கொலை இந்தியில். வீட்டம்மாள் நெடுந்தொடரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்து எழுந்ததும் ரிமோட் கை மாறும்.

அந்தக் காலத்து எபிசோடுகளில் ஒன்றே ஒன்று அவருக்குத் தீராத வழக்கு. 2004 நவம்பர் 7 அன்று ‘சிஐடி’யில் 111 நிமிஷத்தை ஒரே ஷாட்டில், நடுவில் வெட்டே இல்லாமல் எடுத்துக் காட்டினார்கள். கின்னஸில் இடம் பிடித்த எபிசோடு. ஏசிபி சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால்வாசி ஓடியபோது பாம்பூஃப்ளாட்டில் கரண்ட் போனது. வந்தபோது வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கொலையாளி யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. இப்போது போனில் தேடினால் கிடைத்துவிடும். தேடமாட்டார். யாராவது சொல்ல வாயெடுத்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வார். ஊரார் கதையை எல்லாம் உடைத்துப்போடும் மனிதர் தனக்கென்று ஒரு முட்டையை மட்டும் உடைக்காமல் அடைகாக்கிறார்.

பிற்பாடு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவரும் ஹார்ட்டிஸ்க் காலம் வந்தது. சென்னையில் வெளியான தொடர் மூன்று நாள் கடலில் ஆடி அசைந்து வந்து, கை மாறி, மெமரி கார்டில் ஏறி இவரிடம் சேரும்போது இரண்டாவது எபிசோடு இருக்கும், நான்காவது இருக்கும், மூன்றாவதை எவனோ தின்றிருப்பான். அந்த மூன்றாவதை ஏசிபி தாமே யோசித்து நிரப்புவார். சொன்னால் நம்பமாட்டீர்கள், பல தடவை அசலைவிட நன்றாகவே இருக்கும். 2020 ஆகஸ்ட் 10-ல் பிரதமர் சென்னை – அந்தமான் கடலடிக் கேபிளைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். ஆபீஸ்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அதனால் என்னென்ன நன்மை என்று பேப்பரில் பட்டியல் போட்டார்கள். ஏசிபிக்கு அதில் ஒன்றுதான் தெரிந்தது. “இனிமே மூணாவது எபிசோடும் வரும்.” சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் அவ்வளவாக இல்லை.

அவர் துப்பறியும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தொடர் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் மச்சினனைக் கைது செய்வார். இருபதாவது நிமிஷம் அவனை ஜாமீனில் விட்டுவிட்டு டாக்டரைப் பிடிப்பார். இரண்டாம் எபிசோடில் டிரைவர், மூன்றில் முதல் சம்சாரம், நான்கில் “அந்தக் கிழவி மூஞ்சி சரியில்ல”. கடைசியில் யார் மாட்டினாலும் அவர் பட்டியலில் இருப்பார். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்பார். அம்மாள் ஒரு தடவை இதையெல்லாம் நேரத்தோடு தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்து, முடிந்ததும் நீட்டினாள். ஏழு பேர். ஏசிபி அசரவில்லை. “அது சப்ளிமென்டரி சார்ஜ் ஷீட்டு. உனக்குப் புரியாது.”

அண்மைக்காலத் தீர்ப்புகளும் சில என் கைவசம் உண்டு. ‘சுழல்’ இரண்டாம் பாகத்தில் வக்கீல் செல்லப்பாவைக் கொன்றது நான்தான் என்று எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கிறார்கள் அல்லவா? தொடரை நாலு பேர் புகழ்ந்த அன்று போட்டில் இவர் கொதித்துப்போனார். “ஒரு கொலைய எட்டுப் பேர் ஒத்துக்கிறாங்களாம்! நம்ம லைன்ல ஒரு தேங்காய யாரு எடுத்ததுன்னு கேட்டுப் பாருங்க தம்பி, எட்டு வீட்லயும் தொவையல் அரைச்சுக்கிட்டே இல்லம்பாங்க.” ‘வதந்தி’யில் எஸ்.ஜே. சூர்யா கேஸையே நினைத்துக்கொண்டு வீட்டை மறப்பதை அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லையாம், திரும்பி இவரைப் பார்த்தாளாம். அதனால் அது சுமாரான தொடர்.

2025 ஏப்ரலில் ‘சிஐடி’யில் ஏசிபி பிரத்யுமன் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். நாங்கள் துக்கம் விசாரிக்கப் போகாத குறை. மனிதர் திண்ணையில் நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். “சிஐடி டாக்டர் சலுங்கே வாயால சொல்லட்டும், அப்புறம் பாப்போம்.” சில வாரத்தில் பிரத்யுமன் திரும்பி வந்தார். அன்று ஜெட்டி டீக்கடையில் பதினோரு டீக்கு ஏசிபி காசு கொடுத்தார். பாம்பூஃப்ளாட் சரித்திரத்தில் எழுதவேண்டிய நாள்.

மனதாரப் பாராட்டிய தொடர் என்று பார்த்தால் ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ ஒன்றுதான். பக்கத்து வீட்டு இக்கா சொல்லிப் பார்த்தது. லாட்ஜில் ஒரு பெண் கொலையாகிறாள். பதிவேட்டில் இருப்பதோ ‘ஷிஜு, பாறையில் வீடு, நீண்டகரா’ என்ற பொய் விலாசம். அதை வைத்துக்கொண்டு ஆறு நாள் அலைகிறார்கள். “போலீஸ்காரன் பசிக்குதுன்னு சொல்றான் தம்பி. எந்தத் தொடர்ல சொல்லியிருக்கான்?” என்றார், கண் கலங்காத குறையாக. அதற்குப்பின் சென்னைக்குப் போனபோது பெரியமேட்டு லாட்ஜில் தம் விலாசத்தை ஜெட்டி பெயர், மசூதிச் சந்து வரை ஒன்று விடாமல் எழுதினார். கவுன்டர் பையன் படித்துப் பார்த்து, “ஃபாரினா சார்? பாஸ்போர்ட் காட்டுங்க” என்றானாம். பொய் விலாசம் எழுதியிருந்தால் ரூம் கிடைத்திருக்கும்.

இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஊரில் அவருக்கு வாய்த்தது ஒரே ஒரு கேஸ். டிரம் கேஸ்.

கோடையில் எங்கள் பக்கம் தண்ணீர் கஷ்டம். ஒரு வீட்டில் நல்லதாக ஒரு நீல டிரம் இருந்தால் அது நகை மாதிரி. எதிர்வீட்டு டிரம் ஒரு காலை காணவில்லை. ஏசிபி ஐந்தரைக்கே வந்துவிட்டார். அந்தமானில் அதற்குள் வெயில் முதுகைச் சுடும் என்பது வேறு விஷயம். டிரம் இருந்த ஈர வட்டத்தைச் சுற்றித் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினார். அம்மாளின் சந்தனப் பவுடரைக் குழாயடியில் தூவி ரேகை தேடினார். ஊர் முழுக்க மணத்தது. பிறகு வீடு வீடாக விசாரணை. “நேத்து ராத்திரி ஒன்பதுலேர்ந்து பத்துக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க?” எல்லோரும் ஒரே சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டுச் சதியோ என்று ஒருகணம் கை திருகியது. கதையைக் குறுக்கு விசாரணை செய்தார். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்.

மத்தியானம் ஒரு பையன் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான். “எங்க வீட்டுக் கல்யாணத்துக்குத் தண்ணி பிடிக்க எடுத்துட்டுப் போனேன் சாச்சா. இவங்க வீட்ல ஆள் இல்ல. பக்கத்து வீட்டு அக்காட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்.”

பக்கத்து வீட்டு அக்காவைத்தான் ஏசிபி முதலில் விசாரித்திருந்தார், இருபது நிமிஷம். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “நான் எங்க இருந்தேன்னுதானண்ணே கேட்டீங்க? டிரம் எங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே.”

இரண்டு நாள் அவர் போட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தப்பிச்சு ஓட வழியில்லாத ஊரு தம்பி இது. போட்ல ஏறினா டிக்கெட் குடுக்கிறவன் பாப்பான். ரோட்டு வழியா சுத்திப் போனா அங்கயும் சொந்தக்காரன் இருப்பான். இங்க என்னத்த துப்பறியிறது?” வெள்ளைக்காரன் 1858-ல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியதே இந்தக் காரணத்துக்காகத்தான். அந்தக் கைதிகளின் வழிவந்த ஒரு பெரியவரிடம் ஏசிபி ஒருமுறை, “உங்க பாட்டனார் மேல என்ன கேஸு?” என்று கேட்டுவிட்டார். பெரியவர் கோபப்படவில்லை. வெற்றிலையை நீட்டி, “அத நாங்க யாரும் யாரையும் கேக்கிறதில்ல பேட்டா” என்றார். ஏசிபி வாய் திறக்காமல் வெற்றிலை போட்டுக்கொண்ட ஒரே விசாரணை அதுதான்.

அப்படிப்பட்டவரிடம் நான்தான் வாயைக் கொடுத்தேன். ஷெர்லாக் ஹோம்ஸின் இரண்டாவது நாவலான ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ 1890-ல் வந்தது; அதில் வரும் அந்தமான் கைதிக்குக் குடிசை கொடுத்த இடம் ஹோப் டவுன், மவுன்ட் ஹாரியட் சரிவில் என்று எழுதியிருக்கிறது என்றேன். அதாவது எங்கள் ஜெட்டிக்குப் பக்கத்து ஊர். ஏசிபி பரவசப்பட்டு எங்கேயோ அந்த நாவலின் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். மறுநாள் ஒரே புகார். “அந்தமான்காரன் ஊதுகுழல்ல விஷ முள்ளு ஊதுறானாம். இங்க எவன்கிட்டய்யா ஊதுகுழல் இருந்துச்சு? வில்லும் அம்பும்தானே? கன்டினியூட்டி மிஸ்டேக்கு.” கானன் டாயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர்; நியாயமான புகார்தான். அந்த மலையைக்கூட 2021-ல் மவுன்ட் மணிப்பூர் ஆக்கிவிட்டார்கள் என்றேன். “ஆளுதான் தலைமறைவானா பேர மாத்துவான். இங்க மலையே மாத்திக்கிச்சு.”

ஹோப் டவுனில் நிஜமாகவே ஒரு கொலை நடந்திருக்கிறதே, அதை எடுங்களேன் என்றேன். 1872 பிப்ரவரி 8. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு அந்த மலையில் ஏறிச் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்குகிறார். இருட்டிவிட்டது. தீவட்டி வெளிச்சத்தில் ஜெட்டிக்கு வருகிறார். ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி, சவரத் தொழில் செய்தவன், பாய்ந்து முதுகில் குத்துகிறான். அங்கேயே பிடித்துவிட்டார்கள். மார்ச் 11-ல் வைப்பர் தீவில் தூக்கு.

ஏசிபி உதட்டைப் பிதுக்கினார். “கேள்விப்பட்டிருக்கேன். சஸ்பென்ஸே கிடையாது. கையில கத்தியோட மாட்டிக்கிட்டான். அரை எபிசோடு தேறாது.”

அத்தோடு விட்டார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஜெட்டியில் என் முழங்கையைப் பிடித்து போட்டின் ஓரத்துக்கு இழுத்துப்போனார். எங்கிருந்தோ ஒரு புத்தகம் வாங்கிப் படித்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

“தம்பி, வைஸ்ராய் பக்கத்துலயே நடந்து வந்தவன் யாரு? இந்தத் தீவுக்கே பொறுப்பதிகாரி, ஸ்டீவர்ட்டு. சரியா படிக்கட்டு கிட்ட வர்றப்ப, மறுநாள் ஏற்பாட்டுக்கு ஏதோ உத்தரவு குடுக்கணும்னு அவன் ஒதுங்குறான். அந்த நேரம் பாத்துக் குத்து விழுது.” கை மேலே எழும்பிவிட்டது. “எதுக்கு ஒதுங்கினான்?”

“உத்தரவு குடுக்கத்தான்.”

“அப்பாவியா இருக்கீங்களே. கைதி ஒருத்தன் வைஸ்ராயையே கொன்னுட்டான், பொறுப்பதிகாரி சீட்டு கிழியணுமா இல்லியா? அந்தாளு பின்னால இந்தியாவுக்கே கமாண்டர் இன் சீஃப் ஆயிட்டான் தம்பி! யாருக்கு லாபம்னு பாக்கணும். முதல்ல அதப் பாக்கணும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்னால், 1871 செப்டம்பரில், கல்கத்தாவில் பொறுப்புத் தலைமை நீதிபதி நார்மனை ஒருவன் குத்திக் கொன்றிருக்கிறான். அரசாங்கமே இரண்டுக்கும் முடிச்சு உண்டோ என்று சந்தேகப்பட்டுத் தேடிப்பார்த்தது, ஒன்றும் அகப்படவில்லை. “அகப்படல, ஏன்னா அவங்க தேடினது ஷேர் அலிகிட்ட. எட்டு எபிசோடு தம்பி. ஏழாவது முடியிற வரைக்கும் கோர்ட்டுக்கே போகக்கூடாது. அவன விசாரிச்சப்ப ஆண்டவன்தான் என் கூட்டாளின்னு சொன்னானாம். எல்லாரும் அதோட விட்டுட்டாங்க.” இங்கே நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, பட்டப்பகலில் டார்ச்சை எடுத்து ஒருமுறை அடித்து அணைத்தார். “ஆனா நாலாவது எபிசோடுல ஒரு ஆளு வர்றான். நீங்க எதிர்பாக்கவே மாட்டீங்க.”

“யாரு?”

சாத்தம் வந்துவிட்டது. சங்கிலி கிறீச்சிட்டுப் பலகை இறங்கியது. ஸ்கூட்டர்கள் ஒரே சமயத்தில் உறுமின. வாழ்க்கையில் முதல்முறையாக ஏசிபி முடிவைச் சொல்லாமல் இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார்.

மறுநாள் எனக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை. முதல் போட்டுக்கே போய் நின்றேன்.