அடி பெருத்த மெழுகுவர்த்தி

படப்பையில் மெழுகுவர்த்தியை நிற்கவைக்கத் தனியாக ஒரு சாமான் வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர், அதன் முதுகில் நாலு சொட்டு மெழுகு, அவ்வளவுதான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தபோதுகூட எங்கள் தெரு டம்ளரை நம்பித்தான் இருந்தது. அதன்பின் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்து, மெழுகுவர்த்தி பிறந்தநாள் கேக்கோடு ஒதுங்கிவிட்டது.

இப்படி இருக்கும்போது டொரண்டோவிலிருந்து வந்த மச்சினி ஒரு டப்பா மெழுகுவர்த்தி கொண்டுவந்தாள். சந்தன நிறம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. நுனி ஒல்லி, அடி பருமன். டம்ளர் முதுகில் ஒட்டினோம். ஃபேன் காற்றுக்கே படுத்துவிட்டது.

"இதுக்கு அங்கெல்லாம் மரத்துல ஸ்டாண்டு இருக்கும் மாமா" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கவுரை தேவையில்லை.

மரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இவர்களுக்கு வரும் இயந்திரமும் பாகமும் பைன் மரப் பெட்டியிலும் பேலட்டிலும் வந்து இறங்குகின்றன. சரக்கு உள்ளே போகும், கட்டை வெளியே வரும். எங்கள் பக்கத்துச் செருப்பு ஸ்டாண்டு, நாய்க்கூண்டு, டீக்கடை பெஞ்சு எல்லாவற்றுக்கும் பூர்வீகம் விசாரித்தால் ஐரோப்பாவில் போய் முடியும்.

கட்டை வாங்கப் போகிறவர்கள் அதன் மேலுள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். கோதுமைக் கதிர் படம் இருக்கும், பக்கத்தில் எழுத்து. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு ஏற்றி, 30 நிமிடம் அப்படியே வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு அடித்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது. நான் எச்.டி. கட்டையாகப் பார்த்து எடுத்துவந்தேன்.

கட்டை கிடைப்பது சுலபம். அதில் போடும் ஓட்டைதான் வில்லங்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் வெர்னியர் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டிராயிங் இருக்கா சார்?"

"மெழுகுவர்த்திதான் இருக்கு."

வாங்கி அளந்தார். முகம் மாறியது. "ஒண்ணு 22.1, ஒண்ணு 22.6, ஒண்ணு 21.8. இந்த லாட்டை நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"கையால செஞ்சதுண்ணா" என்றாள் மச்சினி.

"பார்த்தாலே தெரியுதும்மா."

அவள் சொன்னது நிஜம். திரியை உருகிய மெழுகில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்குவார்கள். ஒவ்வொரு முக்குக்கும் மெழுகு கீழே வழிந்து இறங்குவதால் அடி பெருத்துக்கொண்டே போகும். நம் அண்ணாச்சி கடை மெழுகுவர்த்தி அச்சில் ஊற்றியது; ஏறக்குறைய ஒரே பருமன். அதற்கு ஓட்டை போட டிரில் பிட்டே போதும். இதற்கு டேப்பர் வேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

டேப்பர் என்று வந்துவிட்டால் லேத் பட்டறைக்காரர்கள் எல்லோரும் மோர்ஸ் கட்சி. 1860-களில் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த கூம்பு அது. ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் ஒடுங்கும். டிரில் பிட்டின் வாலை அந்தக் குழியில் செருகினால் நட்டு, போல்ட்டு எதுவும் இல்லாமல் கவ்விக்கொள்ளும். மாலைக்குள் எங்கிருந்தோ மூணாம் நம்பர் ரீமர் வந்துவிட்டது. பைன் மரம் வெண்ணெயாய்ச் சீவிக்கொடுத்தது. அழகான குழி. வாய் அகலம், உள்ளே குறுகல். மெழுகுவர்த்தியைச் செருகினோம். சும்மா ஆடியது.

அளவு சரிதானே என்று இருவரும் குழிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது, காப்பி கொண்டுவந்த மனைவி நின்றாள். "ஏங்க, பருமனான பக்கம்தானே உள்ள போவுது?"

குவாலிட்டி துறை மௌனம் காத்தது.

மெழுகுவர்த்தி கீழே போகப் போகப் பெருக்கிறது; எங்கள் குழி கீழே போகப் போகச் சிறுக்கிறது. அடி விளிம்பு மட்டும் சுவரில் தட்டும், மேலே சுற்றிலும் இடைவெளி. சரியாகப் பொருந்த வேண்டுமானால் குழியின் உள்பக்கம் அகன்று, வாய் குறுகி இருக்க வேண்டும். அந்த வாய் வழியாக மெழுகுவர்த்தி உள்ளே போகாது. பானைக்குள் கையை விட்ட குரங்கின் கதையைத் திருப்பிப் போட்டது போல.

உலகம் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அடிப்பகுதியை மட்டும் எதிர்ப்பக்கமாகக் கூம்பு செய்து விற்றார்கள். நாங்கள் வெந்நீர் வைத்தோம். மெழுகுவர்த்தியின் அடியைச் சில விநாடி அதில் காட்டி, இளகியதும் மோர்ஸ் குழியில் திருகி அமுக்கினால், குழியின் வடிவத்தை மெழுகே எடுத்துக்கொள்கிறது. 21.8-ம் நின்றது, 22.6-ம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு 'செகண்ட் ஆபரேஷன்' என்று பெயர் வைத்து, ரீமர் வீண்போகவில்லை என்பதை மூன்று வீடு தள்ளி வரைக்கும் சொல்லிவிட்டார்.

மரத்தில் ஸ்டாண்டு செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழிக்குள் பித்தளைக் குப்பி வைக்காமல் செய்யாதீர்கள். பைனில் பிசின் உண்டு. மெழுகுவர்த்தி எரிந்து அடிக்கு வரும்போது அடுத்து எரிவது ஸ்டாண்டுதான். கடைசல் பட்டறையில் சொன்னால் குப்பி கடைந்து தருவார்கள். டிராயிங் கொண்டுபோங்கள்.