சுருங்காத சங்கதிகள்

என்டர்பிரைஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை, எட்டு அணு உலைகள் சகிதமாக, 1958-ல் கட்டத் தொடங்கி 1961-ல் சேவையில் சேர்த்துவிட்டார்கள் அமெரிக்கர்கள் என்பது சரித்திரம். ஆனால் அதே கப்பலை 350-ல் ஒரு பங்காகச் சுருக்கிப் பிளாஸ்டிக் துண்டங்களாகப் பெட்டியில் வாங்கிவந்த கனவான் ஒருவர், நாலு வருஷத்துக்குள் அதை முடித்துவிட்டேன் என்று சொல்வாராகில், அவருடைய சிரத்தையைச் சக உபாசகர்கள் சந்தேகிக்கவே செய்வார்கள். 342 மீட்டர் நீளம் சுமார் 98 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதை எங்கே வைப்பது என்று வீட்டில் எழுகிற விவாதமோ எந்த விகிதத்திலும் சுருங்குவதில்லை.

விமானத் தளத்தில் எரிபொருள் நிரப்புகிறவனுக்கு ஊதா, ஆயுதம் ஏற்றுகிறவனுக்குச் சிவப்பு, விமானத்துக்கு வழிகாட்டுகிறவனுக்கு மஞ்சள் என்று சட்டைகள் சாஸ்திரோக்தமாக விதிக்கப்பட்டிருப்பதால், ஐந்து மில்லிமீட்டர் உயரமுள்ள மாலுமியை இடுக்கியால் பற்றி, பூதக்கண்ணாடியும் மெல்லிய தூரிகையுமாக, மூச்சை அடக்கி (பிராணாயாமத்துக்கு இதைவிடச் சிறந்த குரு கிடையாது) வர்ணம் தீட்டும் வேளையில், அவன் நழுவிக் கம்பளத்தில் விழுந்துவிட்டால், மீட்க ஹெலிகாப்டர் வருவதில்லை. குடும்பமே மண்டியிட்டுத் தேடுகிறது. அகப்படுவது பெரும்பாலும் பிஸ்கோத்துத் துணுக்குதான்.