கவிட்டுப் பார், மோனை

வா மோனை, இரு. கீழை கார்ப் பார்க்குக்குப் போய் உன்ரை திருவிளையாடலைப் பாத்திட்டுத்தான் வாறன். கொம்மா வாங்கின நாள் தொட்டு சீற்றுப் பொலித்தீனைக்கூடக் கழட்ட விடாமல் காத்த மாருதி அது. நீ பொலித்தீனிலை கை வைக்காமல் சீற்றையே கழட்டிப்போட்டாய். கெட்டிக்காரன்! இனிப் பொலித்தீன் கிழியாது.

றலிக்கு ஆயத்தம் பண்ணுறியாம். நல்லது. நுவரெலியா மாகஸ்தோட்டையிலை 1934 இலையே கார் மலையேறத் தொடங்கினது. தியத்தலாவை பொக்ஸ் ஹில்லிலையும் புழுதி பறந்திருக்கு. வெள்ளவத்தைப் பெடியன் ஒருத்தன் போனால் எனக்கும் பெருமைதான். ராமகிருஷ்ணா றோட்டிலை காரைப் பின்னுக்கு எடுத்து நிப்பாட்டப் பத்து நிமிசம் எடுக்கிறவன் மலையேறப் போறான் எண்டால் சும்மாவே?

கிழவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் எண்டு நினையாதை. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையிலை யாழ்ப்பாணத்திலை பெற்றோல் மருந்துக்கும் இல்லை. துளிப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயிலை ஏ40 கார் ஓட்டின பரம்பரை நாங்கள். பின் சீற்றைக் கழட்டி வெங்காய மூடை ஏத்தினனாங்கள். அதுக்கு ஒருத்தரும் 'மொடிஃபிகேசன்' எண்டு பேர் வைக்கேல்லை. கஷ்டகாலம் எண்டுதான் சொன்னவை.

நீ என்ன செய்திருக்கிறாய்? கதவோரம் நீல லைற். ஸ்ரியரிங்குக்குச் சிவப்புத் தோல். பஞ்சிகாவத்தையிலை பேரம் பேசி வாங்கின குழிச் சீற்று ஒண்டு. கலியாண வீட்டுப் பந்தல் தோத்துப் போகும். 1911 இலை முதல் மொன்ரி கார்லோ றலி நடக்கேக்கை, ஆர் கெதியாய் வந்தது எண்டு மட்டும் பாக்கேல்லை. கார் எவ்வளவு வடிவு, உள்ளுக்கு இருந்தவைக்கு எவ்வளவு சொகுசு எண்டும் பாத்துத்தான் புள்ளி போட்டவங்கள். நீ அந்த றலிக்குத்தான் சோடிச்சிருக்கிறாய். நூறு வருசம் பிந்திப் போனாய், அவ்வளவுதான்.

இப்பத்தைச் சட்டம் வேறை. எஃப்.ஐ.ஏ. எண்ட உலகச் சம்மேளனத்தின்ரை 'அப்பெண்டிக்ஸ் ஜே', 253 ஆம் பிரிவு. உன்ரை லப்ரொப்பிலை எழுத்தைப் பெருப்பிச்சு வைச்சு வாசிச்சனான். எனக்கு விளங்கினது ஒண்டுதான்: காரைக் கவிட்டுப் பார். மனசுக்குள்ளை சில்லு மேலை, கூரை கீழை. இப்ப எது நசியும், எது விழும், எது எரியும்?

கூரை நசியும். அதுக்குத்தான் கம்பிக் கூடு. நடு வளையத்துக்குப் பொருத்தில்லாத உருக்குக் குழாய் கேக்கிறாங்கள்: 45 மில்லிமீற்றர் விட்டம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. இல்லாட்டி 50 க்கு 2. கேற்றுக்கு வாங்கி மிஞ்சின குழாய் சரிவராது. கூட்டின்ரை கால் தரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு இறங்காமல், நடு வளையத்தின்ரை ஒவ்வொரு காலுக்கும் கீழை குறைஞ்சது 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பிலை 3 மில்லிமீற்றர் தகடு வேணும். மணலிலை தூண் நட்டால் நிக்குமே?

ஆள் விழும். அதுக்குப் பெல்ற். தோள் வாரைக் கிட்டத்தட்டக் கிடையாய்ப் பின்னுக்கு இழுத்துக் கட்டவேணும். நேர் கீழை தரையிலை கட்டினால் இடிபடேக்கை உன்ரை முள்ளந்தண்டைத்தான் நசிக்கும். சீற்றுக்கும் ஆயுள் இருக்கு: 8855-1999 எண்ட தரத்துச் சீற்று, செய்த நாளிலை இருந்து அஞ்சு வருசம். உன்ரை சீற்றைத் திருப்பிப் பாத்தன், லேபலைக் கிழிச்சிருக்கு. சாதகம் காட்டாத மாப்பிள்ளையைக் கொம்மா படியேற விடுவாவே?

எரியும். அதுக்குத் தீயணைக்கிற சிலிண்டரும், கரண்ட் முழுவதையும் ஒரே தட்டிலை நிப்பாட்டிற சுவிட்சும். உன்ரை நீல லைற்றுக்கு இழுத்த வயர் வெறும் முறுக்கிலை தொங்குது. அது தீமிதிப்புக்கு நேத்தி வைச்ச வயர்.

டாஷ்போட்டிலை இரட்டைப் பக்க ரேப்பிலை ஒட்டின பிள்ளையார் இருக்கிறார். கார் கவிண்டால் முதல் பறக்கிறவர் அவர்தான். பறந்து வந்து இறங்கிறது உன்ரை நெத்தியிலை. ஒண்டில் போல்ற் போட்டு இறுக்கு, இல்லாட்டி சாமியறைக்கு அனுப்பு. இறுக்காத சாமானுக்குச் சட்டத்திலை இடமில்லை. சாமிக்கும்தான்.

பகிடியை விடு, ஒண்டு சொல்லுறன். உதெல்லாம் உள்ளுக்கு இருக்கிறவனுக்கு. 2024 ஏப்ரல் 21, பொக்ஸ் ஹில்லிலை ஒரு கார் பாதையை விட்டு விலகி, ஓரத்திலை நிண்ட சனத்துக்குள்ளை பாய்ஞ்சு 7 பேர் செத்தவை. வெளியிலை நிக்கிறவைக்குக் கம்பிக் கூடு இல்லை மோனை. உன்ரை காலுக்குக் கீழை இருக்கிற பிரேக்தான் அவையின்ரை கூடு.

அதாலை முதல் வேலை வெட்டுறதில்லை. எந்தப் போட்டி, எந்த வகுப்பு எண்டு பாத்து அவையின்ரை விதியைக் கையிலை வாங்கு. சின்னப் போட்டிக்கு முழுக் கூடு கேக்காமலும் விடுவினம். கார் பரிசோதிக்கிறவரைக் கேட்டிட்டு வாளைத் தூக்கு. வெட்டின தகரம் திரும்ப முளைக்காது. கூடு பூட்டின காரிலை வெறுந்தலையோடை காலி வீதியிலை திரியாதை. ஹெல்மெற் இல்லாத தலைக்கு அந்தக் கம்பியே எமன். கொம்மம்மா கதவுக் கம்பியைத் தாண்டி ஏறி மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போற காட்சியைப் பாக்க எனக்கு ஆசைதான். ஆனால் கம்பிக்கு முதல் அவ உன்னைத் தாண்டி மிதிப்பா.

சரி, எழும்பு. அந்தப் பின் சீற்றை எங்கை ஒளிச்சு வைச்சனி? என்ரை பல்கனியிலை கொண்டந்து போடு. பின்னேரத்திலை சாய்ஞ்சிருந்து கடல் பாக்க நல்ல சீற்று. கொம்மாட்டை நான் ஒண்டும் சொல்லன்.

தூக்கேக்கை கவனம் மோனை, பொலித்தீன் கிழிஞ்சிடும்.