சப்நெட் தம்பி

காலை ஆறரைக்கு ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் ஷூ கம்பெனி வேனுக்கு நிற்கிற கூட்டத்துக்கு ஓரமாக, விரலை மடக்கி மடக்கி “128, 192, 224, 240” என்று முணுமுணுக்கிற ஒருவனைப் பார்க்கலாம். சாமியாடி இல்லை. சிசிஎன்ஏ என்கிற நெட்வொர்க் பரீட்சைக்குப் படிக்கிற தம்பி. பரீட்சையில் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. அதனால் இந்த ஜபம்.

பி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆனவன். கல்யாணப் பத்திரிகை வந்தால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். மாப்பிள்ளை யாரென்று தெரியாது, அங்கே எட்டு எட்டாகப் பூஜ்யமும் ஒன்றும் நிரம்பிவிடும். மேலே காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். கீழே இவன், 32 பிட்டில் அடங்குகிற 429 கோடி இன்டர்நெட் முகவரிகளைக் கூறு போடுகிறான்.

கதவில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால், பழைய ஐபி முகவரியும் புதியதும் சேர்ந்து ஓடுகிற ‘டூயல் ஸ்டாக்’ என்பான். எல்லார் வீட்டு மோடத்துக்கும் 192.168.1.1 தானாமே என்று அம்மா கவலைப்பட்டாள்: “ஒரே அட்ரஸா? தபால்காரர் பாவம்டா!”

“வீட்டுக்கு வீடு ஒரு சின்னவன் இருக்கான்ல? உள்ள கூப்பிட்டா ஒருத்தன் வருவான். தெருவுல நின்னு கூப்பிட்டா பத்து பேர் திரும்புவாங்க. அதான் பிரைவேட் ஐபி.”

இதை மட்டும் அழகாகச் சொன்னான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து எங்களைத் திருப்பத்தூரில் சேர்த்தார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்ததென்று ஊருக்குச் சந்தோஷம். இவனுக்கு மட்டும் மனக்குறை. “சமமா மூணா எப்படிண்ணே பிரிக்கறது? ரெண்டு, இல்லன்னா நாலுதான்.”

அப்பா ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் முப்பது வருஷம். பரீட்சைக் கட்டணம் முந்நூறு டாலர் என்று கேட்ட நாளிலிருந்து பையனிடம் அதிகம் பேசுவதில்லை. ஒரு ராத்திரி இவன் 256 முகவரிகளை வைத்துக்கொண்டு, 20, 50, 100 கம்ப்யூட்டர் உள்ள மூன்று ஆபீசுக்குப் பங்கு போட்டான். சின்னதுக்கு முதல் 32-ஐக் கொடுத்து, அதை ஒட்டியே அடுத்ததுக்கு 64. விடை தப்பு. 64-இன் துண்டு 64-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். அழித்தான், மறுபடி அதே தப்பு.

தண்ணி குடிக்க எழுந்த அப்பா எட்டிப் பார்த்தார். “இன்னாடா வெட்டற? பெரிய பீஸை முதல்ல வை. சின்னதெல்லாம் மிச்சத்துல வரும். இது தெரியாமலா பி.இ. படிச்ச?”

நூறுக்கு 0 முதல் 127. ஐம்பதுக்கு 128 முதல் 191. இருபதுக்கு 192 முதல் 223. விடை சரி. தம்பி வாயைப் பிளந்தான். அப்பா கணக்கை விடவில்லை.

“கடைசியில 32 சும்மா கெடக்குதே? ஷூவுக்கு ஒரு நாக்கு வெட்டிடு.”